இடது பக்கத்து அலமாரி

என் மருந்துக்கடைக்கு இரண்டு பக்கம். வலது பக்கம் டாக்டர் சீட்டு இருந்தால்தான் நான் கை வைக்கிற மருந்துகள். இடது பக்கம் சோப்பு, சீப்பு, குழந்தைப் பவுடர், பல் பிரஷ், அப்புறம் பச்சை மூடி போட்ட மூலிகை டப்பாக்கள். வலது பக்கத்தில் எதை எடுத்தாலும் வாங்குகிறவர் பேரோடு கம்ப்யூட்டரில் ஏறிவிடும்: என்ன மருந்து, எத்தனை நாளைக்கு, எந்த டாக்டர் எழுதியது, எல்லாம். இடது பக்கத்துச் சாமான்கள் ‘பொது’ என்ற ஒரே தலைப்பில் போய் விழும். யார் சோப்பு வாங்கினார்கள் என்று எவன் எழுதி வைப்பான்? கடை திறந்த நாளிலிருந்து போன வருஷம் வரைக்கும், இருபத்தோரு வருஷம் இதே ஏற்பாடுதான் இருந்தது. இதைச் செய்தவன் நான். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

எனக்குப் பெருமைக்குக் குறைச்சலே இல்லை. டாக்டர்களின் கோழிக் கிறுக்கலைப் படிக்கத் தெரிந்ததால் நானும் பாதி டாக்டர் என்று நினைப்பு. சீட்டில் அளவு தப்பாக இருந்தால் போன் போட்டுச் சொல்லுவேன். சொன்னதை அன்று கடைக்கு வருகிற பத்துப் பேரிடமும் சொல்லுவேன். “உங்களுக்குத் தெரியாததா?” என்று யாராவது கேட்டால் அன்று முழுக்க எனக்குச் சாப்பாடே வேண்டாம். இதையெல்லாம் இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் இதைச் சொல்லாமல் அக்கா விஷயத்தைச் சொல்ல முடியாது.

அக்கா கார் ஓட்டச் சொல்லிக் கொடுக்கிறவள். சொந்தமாக ஒரு டிரைவிங் ஸ்கூல், ஒரு ஆபீஸ் அறை, கூரையில் பலகை கட்டிய ஒரு வெள்ளைக் கார். ஊர் முழுக்க அவளுக்கு ‘பிரேக் அக்கா’ என்றுதான் பேர். அந்த மாதிரிக் கார்களில் சொல்லிக் கொடுக்கிறவர் காலுக்குக் கீழேயும் தனியாக ஒரு பிரேக் இருக்கும். அக்கா அதை மிதித்து யாரும் பார்த்ததில்லை. அவள் பிரேக் தொண்டையில் இருந்தது. “பிரேக்!” என்று அவள் ஒரு சத்தம் போட்டால் படிக்கிறவன் மட்டும் இல்லை, பின்னால் வருகிற லாரிக்காரனும் சேர்ந்து மிதிப்பான்.

“காலால பிரேக் போட்டா வண்டிதான்டா நிக்கும். வாயால போட்டாத்தான் ஆளு கத்துக்குவான்” என்பாள்.

எனக்கும் அவள்தான் சொல்லிக் கொடுத்தாள். முதல் நாளே என்னை நடுத்தெருவில் வைத்து, “ஸ்டியரிங்க அப்படி நெரிச்சுக் கொல்லாதே, அது எங்கேயும் ஓடிப் போகாது” என்று கத்தினாள். மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மாள் குனிந்து பார்த்துச் சிரித்தது இன்னும் நினைவிருக்கிறது. அவளிடம் திட்டு வாங்காமல் லைசென்ஸ் எடுத்த ஆள் இந்த ஊரில் இல்லை. அத்தனை பேரும் அவளைப் பார்த்தால் வண்டியை நிறுத்தி இறங்கி வந்து பேசுவார்கள்.

மூன்று வருஷம் முன்பு அவளுக்கு இரத்தத்தில் கொழுப்பு கொஞ்சம் கூடுதல் என்று தெரிந்தது. ஏற்கனவே பிரஷருக்கு ஒன்று, வயிற்றுக்கு ஒன்று, எலும்புக்கு ஒன்று என்று மூன்று மாத்திரை. நாலாவது என்றதும் அவள் முரண்டு பிடித்தாள்.

“மாத்திரைன்னு ஒண்ணு ஆரம்பிச்சா அது நம்மள விடாதுடா. எனக்கு வேண்டாம்.”

நான் இடது பக்கத்து அலமாரியிலிருந்து ஒரு பச்சை மூடி டப்பாவை எடுத்து நீட்டினேன். “இது மருந்தே இல்லக்கா. பூண்டு எண்ணெய். நீ சமையல்ல போடுற அதே பூண்டுதான், கேப்சூலுக்குள்ள இருக்கு. அவ்வளவுதான்.”

அடுத்த வருஷம், படிக்க வருகிறவர்களின் பேரை மாற்றி மாற்றிக் கூப்பிடுகிறேன் என்று வருத்தப்பட்டாள். அதற்கும் இடது பக்கம் கை நீட்டினேன். ஜிங்கோ என்று ஒரு மரத்தின் இலை, ஞாபகத்துக்கு நல்லது என்றேன். அதில் ரெண்டு, இதில் ரெண்டு, ஆக ஒரு நாளைக்கு நாலு. டப்பாவில் ஒன்று போதும் என்றுதான் போட்டிருந்தது. “ஒண்ணு போட்டா நல்லதுன்னா ரெண்டு போட்டா இன்னும் நல்லதுதானே” என்று சொன்னவனும் நான்தான். என் பேச்சை அவள் வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். ஊரையே அதட்டுகிறவள், மாத்திரை விஷயத்தில் மட்டும் தம்பி சொன்னால் மறு கேள்வி கேட்கமாட்டாள்.

போன வருஷம் அவள் கழுத்தில் ஒரு கட்டி தெரிந்தது. தைராய்டில் வந்தது, பயப்பட வேண்டிய கட்டி இல்லை, ஆனால் மூச்சுக்குழாயை அழுத்துகிறது, எடுத்துவிடலாம் என்றார் ஆபரேஷன் செய்கிற டாக்டர். தேதி குறித்தார்கள். அதற்கு மூன்று நாள் முன்பு மயக்க மருந்து டாக்டரைப் பார்க்க வேண்டும், சாப்பிடுகிற மருந்தெல்லாம் என்னென்ன என்று எழுதிக்கொண்டு வரவேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

எழுதுவதா? நான் எதற்கு இருக்கிறேன்? கம்ப்யூட்டரில் அக்கா பேரைப் போட்டு ஒரே தட்டு. வரிசையாக நாலு வரி வந்தது. மூன்று மாத்திரையும், முட்டிவலிக்கு எப்போதாவது போடுகிற வலி மாத்திரையும். வலி மாத்திரைக்கு எதிரே ‘நிறுத்தியது: பத்து நாள் முன்பு’ என்று கையால் எழுதினேன். வலி மாத்திரை இரத்தம் உறைவதைக் கெடுக்கும், ஆபரேஷனுக்கு முன்பு நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தெரியும். அது எனக்குத் தெரியும் என்று டாக்டருக்கும் தெரியட்டும் என்ற ஆசை. அடியில் கடை முத்திரையைக் குத்தி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, கல்யாணப் பத்திரிகை மாதிரி அக்காவிடம் கொடுத்தேன்.

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். “டேய், இந்தப் பச்சை மூடி ரெண்டும் இதுல இல்லையே?”

“அதையெல்லாம் எழுதினா சிரிப்பாங்கக்கா. அப்புறம் ரசத்துல போட்ட மிளகையும் எழுதணும்.”

அவளும் சிரித்துவிட்டாள்.

எனக்குத் தெரியாமலா இருந்தது? நான் படித்த படிப்பில் அதற்கென்று ஒரு பாடமே உண்டு. பூண்டும் ஜிங்கோவும் இப்படிச் செறிவாக்கிச் சாப்பிட்டால் இரத்தக் கசிவைக் கூட்டலாம், ஆபரேஷனுக்கு இரண்டு வாரம் முன்பே நிறுத்திவிட வேண்டும் என்று படித்துப் பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். டப்பாவின் அடியில் எறும்பு மாதிரி எழுத்தில் அது இருக்கிறது. ஆனால் சோப்புக்கும் சீப்புக்கும் பக்கத்தில் ஒரு பொருளை இருபத்தோரு வருஷம் வைத்திருந்தால் அது சோப்பாகவும் சீப்பாகவும்தான் மனசில் இருக்கும். நான் அதை மருந்தாகப் பார்க்க மறந்தே போயிருந்தேன்.

மயக்க மருந்து டாக்டர் சின்ன வயசுப் பெண். பொறுமையாகப் பேசினார். நான் கொடுத்த தாளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“இவ்வளவு தெளிவா யாரும் கொண்டு வர்றதே இல்லைங்க. பாதிப் பேர் வெள்ளை மாத்திரை, சின்ன மாத்திரைன்னு சொல்வாங்க. யார் போட்டுக் கொடுத்தது?”

“என் தம்பிதான். மருந்துக்கடை வச்சிருக்கான்” என்றாள் அக்கா, என்னவோ நான் விண்வெளிக்குப் போய் வந்த மாதிரி.

டாக்டர் பேனாவை மூடியில் செருகப் போனார். அப்புறம் கடமைக்கு ஒரு முறை கேட்டார். “இதைத் தவிர வேற ஏதாவது சாப்பிடுறீங்களாம்மா?”

கேட்டது அக்காவை. அக்கா மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் முந்திக்கொண்டேன்.

“எல்லாமே இதுல இருக்கு டாக்டர்.”

டாக்டர் தாளைக் கோப்பில் வைத்து மூடினார். அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பும்போது அக்காதான் கார் ஓட்டினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த டாக்டர் என் தாளைப் பற்றிச் சொன்னதை அக்கா மகளுக்குப் போனில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

ஆபரேஷன் காலை பத்து மணிக்கு. பன்னிரண்டரைக்கு வெளியே கொண்டுவந்தார்கள். நல்லபடியாக முடிந்தது, வழக்கத்தைவிடக் கொஞ்சம் இரத்தக் கசிவு, அவ்வளவுதான் என்றார் டாக்டர். மூன்று மணிக்கு அக்கா கண் திறந்து என்னைப் பார்த்து, “கடையைப் போட்டுட்டு இங்க எதுக்கு உக்காந்திருக்கே?” என்றாள். குரல் கொஞ்சம் கரகரத்திருந்தது, ஆனால் அவள் குரல்தான், அதே அதட்டல். அதுதான் நான் கேட்ட கடைசி அதட்டல்.

நாலரை மணிக்கு அக்கா மகள் தண்ணீர் கொடுக்கப் போனவள், “மாமா, அம்மா கழுத்தப் பாருங்க” என்றாள். கட்டுக்கு மேலே கழுத்து உப்பிக்கொண்டிருந்தது. கட்டு நனைந்திருந்தது. அக்கா ஒவ்வொரு மூச்சையும் இழுத்து இழுத்து விட்டாள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கீச்சுச் சத்தம். பேச வாயைத் திறந்தாள், வரவில்லை. நர்ஸ் வந்து ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான், திமுதிமுவென்று நாலு பேர் ஓடி வந்தார்கள். கட்டிலைச் சக்கரத்தோடு தள்ளிக்கொண்டு ஓடினார்கள். கூடவே நாங்களும் ஓடினோம்.

கதவருகே மயக்க மருந்து டாக்டர் எங்களை நிறுத்தினார். கையில் அக்காவின் கோப்பு.

“உள்ளே இரத்தம் கட்டுது. நிக்கவே மாட்டேங்குது. இதுல இல்லாம வேற ஏதாவது சாப்பிட்டாங்களா? ஆஸ்பிரின்? பூண்டு மாத்திரை, மூலிகை, எதுவானாலும் பரவாயில்ல, சீக்கிரம் சொல்லுங்க.”

பூண்டு என்ற அந்த வார்த்தை என் உச்சந்தலையில் இறங்கியது. எனக்கு எல்லாமே விளங்கிவிட்டது. ஆனால் நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. சொல்லத்தான் நினைத்தேன், சத்தியமாகச் சொல்லத்தான் நினைத்தேன். என் முத்திரை குத்திய தாள் அந்தக் கோப்பில் கண்ணெதிரே இருக்கிறது. எத்தனை நொடி நின்றேனோ, எனக்குத் தெரியாது.

அக்கா மகள் சொன்னாள். “பூண்டு சாப்பிடுவாங்க டாக்டர். இன்னொண்ணும் உண்டு, ஏதோ இலை. தினமும் நாலு. மாமா கடையில இருந்து வர்றது. நேத்து வரைக்கும் சாப்பிட்டாங்க.”

டாக்டர் என்னைப் பார்த்தார். அந்த அவசரத்திலும் ஒரு கணம் நின்று பார்த்தார்.

“நீங்கதானே மருந்துக்கடை வச்சிருக்கறது?”

“ஆமா டாக்டர்” என்றேன்.

அவர் உள்ளே போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை.

அக்கா பிழைத்துக்கொண்டாள். கழுத்தை மறுபடி திறந்து, கட்டியிருந்த இரத்தத்தை எடுத்து, வேறு இரத்தம் ஏற்றி, இரண்டு நாள் தீவிர சிகிச்சையில் வைத்துத் திருப்பிக் கொடுத்தார்கள். குரலைத்தான் கொடுக்கவில்லை. கட்டிய இரத்தம் அழுத்தியதில் குரலுக்குப் போகிற நரம்பு பாதிக்கப்பட்டுவிட்டது, ஒரு பக்கக் குரல் நாண் அசையவில்லை என்றார்கள். அவளுக்கு வந்ததெல்லாம் காற்றுதான். பக்கத்தில் போய்க் காதைக் கொடுத்தால் வார்த்தை கேட்கும்.

நான் ஆபரேஷன் செய்த டாக்டரிடம் தனியாகப் போய்க் கேட்டேன். “அந்த மாத்திரையாலதானா?”

“அப்படி அடிச்சுச் சொல்ல முடியாதுங்க. எதுவுமே சாப்பிடாதவங்களுக்கும் ஆயிரத்துல சில பேருக்கு இப்படி ஆகும். ஆனா முன்னாடியே தெரிஞ்சிருந்தா நான் ரெண்டு வாரம் தள்ளிப் போட்டிருப்பேன்.”

அவர் ஆறுதலுக்குத்தான் சொன்னார். அந்த ரெண்டு வாரத்தை நான் தினமும் நினைக்கிறேன். கட்டி ஒன்றும் அவசரப்படவில்லை. டாக்டருக்கும் அவசரமில்லை. ரெண்டே வரி கூடுதலாக எழுதியிருக்க வேண்டும், கையால், அரை நிமிஷ வேலை.

மூன்று மாதம் கழித்து அக்கா ஒரு நாள் கார் எடுத்தாள். பதினெட்டு வயசுப் பெண் ஒருத்தி படிக்க வந்திருந்தாள். முச்சந்தியில் அந்தப் பெண் பிரேக்குக்குப் பதிலாக வேகத்தை மிதித்துவிட்டாள். அக்கா “பிரேக்” என்று வாயைத் திறந்திருக்கிறாள். காற்று வந்திருக்கிறது. அப்புறம்தான் கால் போயிருக்கிறது. ஒரு சைக்கிள்காரர் கீழே விழுந்து முழங்கை தேய்ந்தது, வேறொன்றும் இல்லை. அக்கா காரை ஆபீஸ் வாசலில் நிறுத்தி, சாவியை மகள் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். அன்றிலிருந்து மகள்தான் சொல்லிக் கொடுக்கிறாள். அக்கா மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து விண்ணப்பம் பூர்த்தி செய்கிறாள். தெருவில் பழைய ஆட்கள் இப்போதும் வண்டியை நிறுத்துகிறார்கள். அவள் கையை மட்டும் ஆட்டுகிறாள்.

என்னை அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அக்கா மகளும் கேட்கவில்லை. ஆனால் முன்பெல்லாம் எதற்கெடுத்தாலும் “மாமா, மாமா” என்று போன் செய்கிறவள் இப்போது விலை கேட்கிற வாடிக்கையாளர் மாதிரி அளந்து பேசுகிறாள். நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க வாய் வரைக்கும் வரும், அப்புறம் அக்கா பதில் சொல்ல வேண்டுமே, அந்தக் காற்றுக் குரலில் அவள் “பரவாயில்லடா” என்று சொல்லிக் கேட்க வேண்டுமே என்று விட்டுவிடுவேன். கோழைத்தனம்தான்.

கடையில் மட்டும் மாற்றினேன். பச்சை மூடிகளை எல்லாம் வலது பக்கம் கொண்டுவந்தேன். பேர் சொல்லாமல் ஒரு டப்பாகூடக் கொடுப்பதில்லை. ஆபரேஷன் ஏதாவது வருதா, பல் பிடுங்கப் போறீங்களா, வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க என்று குடைகிறேன். “பூண்டு வாங்க வந்தா போலீஸ் விசாரணை மாதிரி கேக்கறீங்களே” என்று ஒருவர் கோபித்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனார். போகட்டும்.

பத்து மாதம் ஆனபோது அக்கா கடைக்கு வந்தாள். பகல் ஒரு மணி, ஆள் நடமாட்டம் இல்லாத நேரம். ஒரு தாளை நீட்டினாள். குரலுக்கு ஒரு சின்ன ஆபரேஷன் உண்டாம். அசையாத நாணை உள்ளே கொஞ்சம் தள்ளி வைப்பார்களாம். பழைய குரல் வராது, ஆனால் பக்கத்து அறையிலிருந்து கூப்பிட்டால் கேட்கும் அளவுக்கு வரலாம் என்றார்களாம். மறுபடியும் மயக்க மருந்து, மறுபடியும் பட்டியல்.

நான் தாளை வாங்கிக்கொள்ளவில்லை. “என்கிட்டயா வந்தே? ஆஸ்பத்திரியிலேயே எழுதிக்குவாங்களேக்கா.”

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எழுது என்று விரலால் மேஜையைத் தட்டினாள்.

கம்ப்யூட்டரைத் தொடவில்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக்கொண்டேன். ஒவ்வொன்றாகக் கேட்டேன். காலையில என்ன, ராத்திரி என்ன, முட்டிக்கு என்ன, யாராவது ஏதாவது கொடுத்தாங்களா, கஷாயம், பொடி, சத்து மாவு, தைலம். ஒவ்வொரு பதிலுக்கும் மேஜைக்கு மேலாகக் குனிந்து அவள் வாயருகே காதைக் கொண்டுபோக வேண்டியிருந்தது. சின்ன வயசில் ரகசியம் சொல்லும்போதுதான் அவளிடம் அவ்வளவு பக்கத்தில் போயிருக்கிறேன்.

“வேற ஏதாவது?” என்றேன் கடைசியாக.

அக்கா கைப்பையைத் திறந்தாள். உள்ளே துழாவி ஒரு டப்பாவை எடுத்து மேஜையில் வைத்தாள். பச்சை மூடி. பூண்டு எண்ணெய். பாதி காலியாக இருந்தது.

“இன்னுமா சாப்பிடுறே?” என்று அலறிவிட்டேன்.

இல்லை என்று தலையாட்டினாள். கிட்டே வா என்று கையைக் காட்டினாள். குனிந்தேன்.

“அன்னிக்குக் கொண்டு போனதுடா” என்றது அந்தக் காற்று. “அந்த டாக்டர் பொண்ணு வேற ஏதாவதுன்னு கேட்டப்போ பைக்குள்ள இதைக் கையில புடிச்சிருந்தேன். எடுத்துக் காட்டத்தான் நெனச்சேன். நீ எல்லாமே இதுல இருக்குன்னுட்டே. அவ முன்னாடி உன்னை விட்டுக்கொடுக்க மனசு வரல.”

மூச்சு வாங்கக் கொஞ்சம் நிறுத்தினாள். இரண்டு வாக்கியம் சேர்ந்தாற்போலப் பேசினால் அவளுக்கு மூச்சு வாங்கும்.

“ஊருக்கெல்லாம் பிரேக் போட்டேன். உனக்குப் போடாம விட்டுட்டேன்.”

எனக்குக் கண் மறைத்தது. கடைக்காரன் அழுதால் நன்றாக இருக்காது என்று முகத்தைத் துடைத்துக்கொண்டேன், அதுவும் பிரயோஜனப்படவில்லை. “மன்னிச்சிருக்கா” என்றேன், பத்து மாதம் கழித்து. அவள் தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். டப்பாவை என் பக்கம் ஒரு விரலால் நகர்த்தினாள்.

முதல் வரிக்கு மேலே கொஞ்சம் இடம் இருந்தது. அங்கே ‘பூண்டு எண்ணெய் கேப்சூல், நாள் ஒன்றுக்கு இரண்டு’ என்று எழுதினேன். அடுத்து, ‘ஜிங்கோ இலை மாத்திரை, நாள் ஒன்றுக்கு இரண்டு.’ இரண்டுக்கும் எதிரே ‘நிறுத்தியது’ என்று எழுதி, தேதி போட வேண்டிய இடத்தில் பேனாவை வைத்தேன். அவள் முதல் ஆபரேஷனுக்குப் போன நாள் தேதி அது. அக்கா காத்துக்கொண்டிருந்தாள். நான் எழுதி முடிக்க வெகு நேரம் ஆனது.